ஆறாவது பாட்டைப் பற்றி

ஸ்பீக்கரில் ஓடிய புல்லாங்குழல் பாதியில் நின்றது. அக்கா சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற நீ?" பெரியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "துக்கம் கேக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? மெதுவா ஏதோ ஓடட்டுமேன்னு வச்சேன்."

"இது லிஃப்டுல போடுற பாட்டு அண்ணே. இது ஓடுற லிஃப்டுக்குப் போனா, முதல்ல ஸ்பீக்கரைக் கழட்டிட்டுத்தான் இவன் வேலையே ஆரம்பிப்பான்."

"இப்ப அவனுக்குக் கேக்கவா போகுது?"

"எனக்குக் கேக்குதே."

நடு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தம்பி படுத்திருந்தான். நாற்பத்தாறு வயது. லிஃப்ட் மெக்கானிக். வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அவனுக்குப் பெயர் 'காது'. மூன்றாம் மாடியில் நின்றுகொண்டு, ஏழாம் மாடியில் எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

அதே காதை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாக இன்னொரு காரியமும் செய்தான். பின்னால் பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல், சொந்தக் காசைப் போட்டு, படுக்கையறையிலும் கார் நிறுத்தும் இடத்திலும் பதிவு செய்து வெளியிடுகிற இண்டி ராக் ஆல்பங்களைத் தேடித்தேடிக் கேட்டு, இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் வைத்துக் கருத்து எழுதினான். ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்பான். பாத்திரம் கழுவிக்கொண்டு ஒரு தடவை, நடந்துகொண்டு ஒரு தடவை, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து ஒரு தடவை. அதற்கு முன்னால் கருத்துக் கேட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

'நாலு மாடி குலுங்காமல் ஏறுகிறது. அப்புறம் கதவு திறக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டு மீதி ஐந்து பாட்டையும் கேட்டேன்' என்று ஒன்றுக்கு எழுதினான். 'குளியலறையில் பாடியிருக்கிறார்கள். குழாயையாவது மூடியிருக்கலாம். ஆனாலும் இந்த வருடம் நான் நம்பிய ஒரே குரல் இதுதான்' என்று இன்னொன்றுக்கு. முந்நூறு பேர் படித்தார்கள். "யாரும் கேக்காத பாட்டுக்கு, யாரும் படிக்காத கருத்து" என்பார் பெரியண்ணன், ஒவ்வொரு குடும்ப விருந்திலும்.

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதுவது தொழில். அழுதால் 'அழுதார்', இருமினால் 'இருமினார்'. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. தம்பியின் விரல்கள் போனைப் பிடிக்கக்கூட மறுத்த கடைசி மாதத்தில், அவன் படுத்தபடி சொல்லச் சொல்ல அவள்தான் குறிப்பேட்டில் எடுத்து, தட்டச்சு செய்து, பக்கத்தில் ஏற்றினாள்.

பதினோரு மணிக்கு அந்த இசைக்குழு வந்தது. நான்கு பேர். முன்னால் வந்த பாடகிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தம்பி 'பழைய லிஃப்டுக்குப் புதுப் பெயின்ட்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டிருந்தான். அதைப் படித்துவிட்டு அவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை என்று கேள்வி. அவன் கடைசியாகக் கருத்துச் சொன்னது, வெளிவரும் முன்பே அவர்கள் அனுப்பிவைத்த இரண்டாவது ஆல்பத்துக்கு.

பாடகி பெட்டியருகே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். ஆல்பத்தின் அட்டை, அச்சுக்குப் போகும் முன் எடுத்த மாதிரி.

"அண்ணன் சொன்னதைப் பின்பக்கம் போட்டிருக்கோம்க்கா. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது."

'இந்தக் குழு ஏறிவிட்டது. இத்தனை வருடம் காத்திருந்ததற்கு இது போதும். — காது.' அதற்குக் கீழே, சற்றே சின்ன எழுத்தில்: 'இதில் உள்ள ஒவ்வொரு ஒலியும் எங்கள் கையால் வாசித்தது.'

பெரியண்ணன் எட்டிப் பார்த்தார். முதல் தடவையாகத் தம்பியின் எழுத்து அச்சில் வரப்போகிறது. "பரவாயில்லையே. போற போக்குல நாலு பேருக்கு நல்லது சொல்லிட்டுத்தான் போயிருக்கான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா அந்த வரிகளை இன்னொரு தடவை படித்தாள்.

இதைச் சொன்ன அன்று அவன் அத்துடன் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னான். குறிப்பேட்டில் எடுத்துக்கொண்டாள். ஆனால் தட்டச்சு செய்யும்போது கை நின்றுவிட்டது. அன்று காலைதான் இந்தப் பாடகி 'அண்ணன் எப்படி இருக்கிறார்' என்று விசாரித்திருந்தாள். கடைசியாக எழுதுவது யாரையும் அழ வைக்க வேண்டாமே என்று அந்த இரண்டையும் விட்டுவிட்டாள். "படிச்சுக் காட்டு" என்று அவன் கேட்டபோது, திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்து, குறிப்பேட்டில் இருந்ததை முழுசாகப் படித்தாள். "ம். அப்படியே போடு" என்று கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

"இதை அச்சடிக்காதீங்க" என்றாள் அக்கா.

"ஏன்க்கா?"

"இது பாதிதான். மீதியை நான் போடல." உள்ளே போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்து, நீதிமன்றத்தில் படிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கமில்லாமல் படித்தாள். "'ஆனால் ஆறாவது பாட்டு பொய். அந்த டிரம்ஸை மனிதர் யாரும் அடிக்கவில்லை, கம்ப்யூட்டரில் செய்து ஒட்டியிருக்கிறார்கள்.'"

"உனக்கென்ன பைத்தியமா?" பெரியண்ணன் பல்லைக் கடித்தார். "துக்கத்துக்கு வந்த பிள்ளைங்ககிட்ட பேசுற பேச்சா இது? அவனே போய்ச் சேந்துட்டான், விட்டுத் தொலையேன்."

"அவன் யாரையும் ஏமாத்தினதில்ல அண்ணே. நான்தான் ஏமாத்தினேன். அதுவும் அவனையே."

பாடகியின் முகம் சிவந்துவிட்டது. குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். கொக்கியும் கோடும் புள்ளியுமாக இருந்தது. "இதுல என்ன எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? நீங்களா எதையாவது சொல்லிட்டு, அவர் சொன்னார்னு சொன்னா?"

"கோர்ட்டுல என்னை மாதிரி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க. யார்கிட்ட வேணும்னாலும் படிக்கக் குடுங்க."

"வேண்டாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டிரம்மர். வந்ததிலிருந்து வலது கையைப் பேன்ட் பையிலேயே வைத்திருந்தவன் இப்போது வெளியே எடுத்தான். மணிக்கட்டில் கட்டு.

"ஆறாவது பாட்டுப் பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி விழுந்துட்டேன். மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியே வாசிச்சது. ஆறாவது மட்டும்தான் ஒட்டினோம். ஒலிப்பதிவு பண்ணவருக்கே வித்தியாசம் தெரியல." பெட்டியைப் பார்த்தான். "மனுசன் சாகக் கிடந்துகிட்டுக் கண்டுபிடிச்சிருக்காரு."

பாடகி அட்டையைத் திரும்ப வாங்கி நான்காக மடித்தாள். பிறகு, கேட்பதற்கே பயந்ததுபோல், "அப்ப... முதல்ல இருக்கிறது? ஏறிடுச்சுன்னு சொன்னது?" என்றாள்.

"ஒரு எழுத்து மாறாம அவன் சொன்னது." அக்கா குறிப்பேட்டில் ஓரிடத்தில் விரல் வைத்தாள். "இங்க ஒரு சின்ன வளைவு இருக்கு பாருங்க. 'சிரித்தார்'னு அர்த்தம்."

பாடகி அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிரம்மரிடம் திரும்பி, "கட்டு எப்ப பிரிப்பாங்க?" என்று கேட்டாள்.

"மூணு வாரம்."

"சரி. ஆறாவதை நீ வாசிச்சப்புறம் அச்சுக்குப் போகட்டும்" என்றாள்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து, போனில் தம்பியின் பக்கத்தைத் திறந்து, விட்டுப்போன இரண்டு வாக்கியத்தையும் சேர்த்தாள். அடியில், 'இவற்றை நீக்கியது நான். சொன்னவர் அல்ல' என்று போட்டாள். ஏதோ கேட்க எதிரே வந்து நின்ற பெரியண்ணன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். புல்லாங்குழலை மறுபடி யாரும் போடவில்லை.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. ஐந்தாம் மாடியிலிருந்து சாமான் ஏற்றும் லிஃப்டில் அவனை இறக்கினார்கள். அவன் பழுதுபார்த்து வந்த லிஃப்ட்தான். ஒரு பக்கம் பெரியண்ணன், மறுபக்கம் டிரம்மர், இடது கையால் பிடித்துக்கொண்டு. அக்கா கதவோரம் ஒட்டி நின்றாள். நான்கு, மூன்று என்று எண்கள் மாறிக்கொண்டிருந்தன.

இரண்டுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் உரசல். மெல்லியது, நொடி நேரம்தான். வேறு யாரும் தலை தூக்கவில்லை.

அவள் குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, மாடியைக் குறித்து, கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டாள்.