பெட்டி மூடும் நேரம்

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து மனைவியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார் டிராயிங் மாஸ்டர். அவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மணி என்ன?"

"மூணு அஞ்சு."

"வந்துட்டானா?"

"பஸ் ஏறிட்டான். நாலுக்குள்ள வந்துடுவேன்னு போன்ல சொன்னான்."

அவள் உதட்டோரம் லேசாக இழுபட்டது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். அவள் தம்பி சொல்லும் நேரத்தை அந்தக் குடும்பத்தில் யாரும் நம்பியதில்லை. டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் கழித்துப் பிறந்தவன் என்பதால் அவனுக்கு 'லேட்டு' என்றே பெயர். வைத்தவளும் அவள்தான்.

அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்று ஒன்பது வருடம். காரணம் நாலு நிமிடம்.

அப்போது அவள் அரசுக் கொள்முதல் அலுவலகத்தில் ஒப்பந்தப் பிரிவு அதிகாரி. பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சும் மேசையும் வாங்க டெண்டர் விட்டிருந்தார்கள். தம்பியின் மரப்பட்டறையும் போட்டியில் இறங்கியது. உடன்பிறந்தவன் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு, தேர்வுக் குழுவிலிருந்து அவள் விலகிக்கொண்டாள். டெண்டர் பெட்டி மட்டும் அவள் பொறுப்பு. மூன்று மணிக்குப் பெட்டியைப் பூட்டி அரக்கு வைத்தாயிற்று. மூன்று மணி நாலு நிமிடத்துக்குத் தம்பி உறையும் கையுமாக வந்து நின்றான். வண்டி பஞ்சர் என்றான். கிளார்க்குகள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் உறையை வாங்கி, 'காலதாமதமாக வந்தது, பிரிக்காமல் திருப்பித் தரப்படுகிறது' என்று மேலே எழுதி, மணியைக் குறித்து, கையெழுத்துப் போட்டு அவனிடமே நீட்டினாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் தோளில் தொங்கிய பையைக்கூட இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"அவனுக்கு நாலு நிமிஷம் கொடுத்தா, நாளைக்கு அஞ்சு நிமிஷம் கழிச்சு வர்றவன்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

மாஸ்டர் படம் வரைகிறவர். நாலு நிமிடத்தில் ஒரு காக்காயைக்கூட அவரால் முடிக்க முடியாது. அலுவலகமே அவளைப் பாராட்டியது. அவளோ ஒவ்வொரு வருடமும் தம்பியின் பிறந்தநாளன்று போனை எடுத்து, அவன் நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கீழே வைத்துவிடுவாள். பார்த்துக்கொண்டிருக்கும் மாஸ்டருக்கு மனசு கேட்காது. ஆனாலும் அக்கா தம்பி விஷயம் என்று வாயை மூடிக்கொள்வார்.

நேற்றுத்தான் வாய்விட்டுக் கேட்டாள், அவனைப் பார்க்கணும் என்று. காலையில் மாஸ்டர் போன் செய்தபோது அந்தப் பக்கம் பட்டறை மெஷினின் சத்தம் நின்றது. பிறகு, "கிளம்பிட்டேன் அத்தான்" என்றான்.

மூன்றரைக்கு மேல் மூச்சின் ஓசை மாறியது. மாஸ்டரின் வலது கையைப் பிடித்திருந்தவள் மறுபடி உதட்டை அசைத்தாள்.

"என்னங்க... அவன் லேட்டா வந்தா..."

மாஸ்டர் காத்திருந்தார். முப்பது வருடமாக அந்த வாக்கியத்துக்கு அவளிடம் ஒரே முடிவுதான்: 'திருப்பி அனுப்பிடணும்.' இன்று அதை அவள் சொல்லவில்லை. விரல்கள் ஒருமுறை இறுகின. பிறகு தளர்ந்தன. மூக்கருகே இடது கையை வைத்துப் பார்த்தார். அவளோடு குடித்தனம் செய்த பழக்கம், கண் தானாகச் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. நாலாக ஐந்து நிமிடம் இருந்தது.

யாரையாவது கூப்பிட வேண்டும். எழுந்தால் அவள் கையை விட வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நாலு பத்துக்கு மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஒரு காலில் மட்டும் செருப்போடு தம்பி உள்ளே நுழைந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அத்தான்... அக்கா இருக்காளா?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அவன் கதவைப் பிடித்தபடி, கட்டில் பக்கம் திரும்பாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் போடாதே மச்சான். உன்னையேதான் கேட்டுட்டிருந்தா. வா, இப்படி உட்காரு."

தன் கையை மெல்ல உருவிக்கொண்டார். சூடு ஆறாத அந்த விரல்களைத் தம்பியின் கைக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

"அக்கா, நான்தான். லேட்டு. பஸ்ல ஒரே கூட்டம், சிக்னல்ல வேற நின்னு..." சொல்ல வந்ததை நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். "அன்னிக்கு வண்டி பஞ்சரே ஆகலக்கா. எதிர்க்கடையில டீ குடிச்சிட்டிருந்தேன். மணி ஆகப்போகுதுன்னு தெரியும். உள்ள எங்கக்கா இருக்கா, என்ன அவசரம்னு இன்னொரு டீ சொன்னேன். தப்பெல்லாம் என்னோடது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் கோவமா இருக்கற மாதிரி இருந்துட்டேன்."

மாஸ்டர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பாவி, அரை மணி முன்னால் வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டிருந்தால் முதலில் நன்றாகத் திட்டியிருப்பாள். அப்புறம் அவனை விட்டிருக்கவே மாட்டாள்.

"மன்னிச்சுடுக்கா..." தம்பி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அத்தான், மூச்சு..."

மாஸ்டர் வந்து குனிந்தார். பார்க்கிறவர் போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"போயிட்டா மச்சான். இப்பத்தான்."

கீழ்வீட்டு டாக்டரம்மா வந்தார். நாடியைப் பார்த்தார், இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். சான்றிதழ்த் தாளை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை மணிக்கு?"

"நாலு இருபது."

டாக்டரம்மா இன்னொரு முறை அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

"நாலு இருபதுதானே?"

"ஆமாம்மா. இவன் கையைப் பிடிச்சிட்டிருந்தா."

டாக்டரம்மா குனிந்து எழுதினார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மாஸ்டரின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுக் கீழே போனார்.

கூடத்தில் தம்பி தன் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். அழுகைக்கு நடுவே வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன.

"வந்து சேர்ந்துட்டேன்டி. நான் வர்ற வரைக்கும் உசுரைப் பிடிச்சு வெச்சிருந்திருக்கா. என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் போனா. இப்பவும் அந்தச் சூடு இருக்குடி கையில."

மாஸ்டர் டாக்டரம்மா குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். வலது கையைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையாலேயே டம்ளரைக் கழுவினார்.