சங்கு ஊதியதும் விழும் பூட்டு

அழகுமுத்துவுக்கு வயிறு எரியத் தொடங்கியது அந்த நாற்காலி வந்த அன்றைக்கு. சுழலும் நாற்காலி, நுவரெலியாவிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. தோட்டத்து ஆபீஸில் ஏழு வருஷமாகக் கம்பியூட்டர் பார்க்கிறவன் அவன். இடுப்பில் சேர்வர் அறைச் சாவியோடு திரிகிறவனும் அவன்தான். ஆனால் நாற்காலி போனதோ, வேலைக்கு வந்து எட்டு மாதமே ஆன சண்முகவடிவின் மேசைக்கு.

ஒரு நாற்காலிக்காகவா ஒரு மனுஷன் இப்படிப் புழுங்குவான் என்று கேட்டால், புழுங்குவான். கொழும்பிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த எவனாவது அதில் உட்கார்ந்திருந்தால் அழகுமுத்து கண்டுகொண்டிருக்க மாட்டான். வடிவு அதே அக்கரப்பத்தனைத் தோட்டத்தில், அதே லயத்து வீட்டு வரிசையில், அவனுக்கு அடுத்த காம்பிரா அறையில் பிறந்தவள். இரண்டு பேருடைய அம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். பக்கத்துக் காம்பிராப் பெண் முந்திக்கொண்டு போவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

அதுவும் எங்கே போகப் போகிறாள்? அந்த 2005ஆம் வருஷம் கம்பெனி ஹட்டனில் புது ஆபீஸ் திறந்தது. ஐந்து தோட்டத்துக் கம்பியூட்டர்களையும் அங்கிருந்து ஒரே ஆள் பார்க்க வேண்டும். குவார்ட்டர்ஸ் உண்டு. அழகுமுத்துவா, வடிவா என்று தோட்டத்து மனேஜர் துரை வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்ய வேண்டும். அன்றைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறார்.

அந்த வாரம் திங்கட்கிழமை கம்பெனி உத்தரவுப்படி எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அன்றைக்கே வடிவின் பெயர் பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தவறாக அடித்தால் சேர்வர் அந்தப் பெயரைப் பூட்டிவிடும். அழகுமுத்து திறந்துவிட்டால்தான் மறுபடி வேலை ஓடும். அவன் திறந்துவிட்டான். மத்தியானம் மறுபடி பூட்டிக்கொண்டது. பின்னேரம் இன்னொரு தடவை.

யாழ்ப்பாணத்துக்காரரான தலைமைக் கிளார்க் தம்பிராசா, கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"பிள்ளை, நாளுக்கு மூண்டு தரம் உம்மட பாஸ்வேர்டை மறந்தால், அஞ்சு தோட்டத்தை எப்பிடிப் பாக்கப் போறீர்?"

"நான் மறக்கலீங்க ஐயா. நான் ஒண்ணுமே அடிக்காம இருக்கும்போதே லொக் ஆகுது."

அதைக் கேட்டபோது அழகுமுத்துவுக்கு உள்ளே குளுகுளு என்று இருந்தது. வெளியே முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு கீபோர்டை மாற்றிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. எந்தக் கம்பியூட்டரிலிருந்து தவறான பாஸ்வேர்ட் வருகிறது என்று சேர்வர் தன் பட்டியலில் எழுதி வைக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்க முடிந்தவன் அவன் ஒருவன்தான். பார்த்தான். ஸ்டோர் கம்பியூட்டர் என்று இருந்தது. தேயிலை அரைக்கும் ஃபெக்டரியைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அங்கே வந்திறங்கும் கொழுந்தின் நிறையைக் கம்பியூட்டரில் பதிகிறவர் வீரய்யா. ஜனவரியில் அவர் சிவனொளிபாதமலை ஏற நல்லதண்ணிக்குப் போனபோது, மூன்று நாள் அவருக்குப் பதிலாக உட்கார்ந்தவள் வடிவு. ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டாமென்று தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்த மெஷினில் சேமித்து வைத்திருந்தாள். அந்தப் பழைய பாஸ்வேர்ட் இன்னும் அதற்குள்ளேயே கிடந்தது.

வீரய்யா அந்தக் கம்பியூட்டரைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தார். தேயிலைத் தூசு உள்ளே போய்விடும் என்று வேலை முடிந்ததும் அணைத்து, போர்வை போட்டு மூடிவிடுவார். கொழுந்து நிறுக்க ஸ்டோர்ச் சங்கு ஊதினால்தான் போர்வை விலகும். மெஷின் கண் விழித்ததும் பழைய பாஸ்வேர்டோடு தானாகப் போய்ச் சேர்வரின் கதவைத் தட்டும், விடாமல் தட்டும். அவ்வளவுதான், வடிவின் பெயர் பூட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு மூன்று சங்கு, மூன்று பூட்டு.

ஐந்து நிமிஷ வேலை. ஸ்டோருக்கு நடந்துபோய்ச் சேமித்ததை அழித்தால் முடிந்தது. அழகுமுத்து எழுந்தும் விட்டான். அப்போதுதான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் துரை வடிவின் மேசையில் கை ஊன்றி நின்று, அவள் இங்கிலீஷில் சொன்ன எதற்கோ சிரித்தார். ஏழு வருஷத்தில் அழகுமுத்து சொன்ன எதற்கும் துரை சிரித்ததில்லை. அவன் திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

'நானா பூட்டினேன்?' என்று தனக்குள் வாதாடினான். 'அவள் சேமித்தது, அவளே தேடட்டும்.' நல்ல நியாயம். தேடுவதற்கு வேண்டிய பட்டியல் பூட்டிய அறைக்குள் இருந்தது, அறைச் சாவி அவன் இடுப்பில் இருந்தது. அதை மட்டும் நியாயத்தில் சேர்க்கவில்லை.

புதன்கிழமை காலையில் வடிவு அவன் மேசைக்கு வந்து நின்றபோது கண் சிவந்திருந்தது. "மறுபடியும் அண்ணே" என்றாள். அழகுமுத்துவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே அன்று மத்தியானத்திலிருந்து சங்கு ஊதும்போதே சேர்வர் அறைக்குப் போய், பூட்டு விழுந்த மறுநொடி திறந்துவிட்டான். வடிவு அவனிடம் வரப் பாதி எழுந்து, பூட்டு திறந்துவிட்டதைப் பார்த்து மறுபடி உட்காருவாள். அது இரக்கமா, அவள் வந்து பக்கத்தில் நிற்கக் கூடாது என்ற பயமா, அவனுக்கே தெரியாது. காரணத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. தம்பிராசா பிடித்த பிடியாக எண்ணிக்கொண்டிருந்தார். "இண்டைக்கு எத்தினை தரம் பிள்ளை?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஹட்டன் குவார்ட்டர்ஸின் ஜன்னல் அழகுமுத்துவின் கண்ணில் தெரிந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் நாலரைக்குச் சங்கு ஊதியது. அழகுமுத்து சேர்வர் திரையில் வடிவின் பெயரை எடுத்து வைத்து, மவுஸில் விரலோடு காத்திருந்தான்.

"அண்ணே."

அறை வாசலில் வடிவு நின்றாள். கையில் ஒரு சீட்டு.

"இன்னும் நான் லொக் ஆகலையே அண்ணே. அதுக்குள்ள ஏன் எம்பேர எடுத்து வச்சிருக்கீங்க?"

அவன் மவுஸிலிருந்து விரலை எடுத்தான். அவள் சீட்டை நீட்டினாள். நாலு நாளாகப் பூட்டு விழுந்த நேரமெல்லாம் அதில் வரிசையாக இருந்தது.

"மத்தியானம் சாப்பிடப் போனப்ப இத வீட்டுக்குக் கொண்டு போனேன். அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனா, 'அடியே, இது கொழுந்து நிறுக்கிற நேரம்டி'ன்னாங்க. அப்ப ஸ்டோர்லதான் ஏதோ இருக்குன்னு ஒங்ககிட்டக் கேக்க வந்தேன்."

இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் அவள் பெயருக்குப் பூட்டு விழுந்தது.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

அவள் திட்டியிருந்தால் அவன் பதிலுக்குத் திட்டியிருப்பான், அந்த நாற்காலியைப் பற்றிக்கூடக் கேட்டிருப்பான். அவள் சீட்டை மடித்தாள், குடையை எடுத்துக்கொண்டு தூறலில் ஸ்டோருக்கு நடந்தாள். வெள்ளிக்கிழமை காலைச் சங்குக்குப் பூட்டு விழவில்லை.

பத்து மணிக்கு இருவரையும் துரை கூப்பிட்டார். கொழும்புக்காரர் உட்கார்ந்திருந்தார், தம்பிராசா ஃபைலோடு நின்றார். லொக் பிரச்சினை என்ன ஆனது என்று துரை கேட்டார்.

"சரியாயிடுச்சுங்க தொர" என்றாள் வடிவு. "ஸ்டோர் மெஷின்ல பழைய பாஸ்வேர்ட் இருந்திச்சி. நான்தான் வச்சது, என் தப்பு. முத்து அண்ணன் கண்டுபிடிச்சாரு, செவ்வாக்கெழமையே."

ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. துரை விரல் மடக்கினார்.

"செவ்வாய்? அப்ப புதன், வியாழன் என்ன செஞ்ச, முத்து?"

சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் வடிவு நேராகப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கேள்வியை அவளே கேட்டது மாதிரி இருந்தது.

"சொல்ல மனசு வரல, தொர. எரிச்சலா இருந்திச்சி."

தம்பிராசா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துரை கையை நீட்டினார். ஏழு வருஷமாக இடுப்பில் கிடந்த சாவியை அவிழ்க்க அழகுமுத்துவுக்கு நேரம் பிடித்தது. முடிச்சு இறுகியிருந்தது.

ஹட்டன் வேலை வடிவுக்குத்தான். அவள் போக இன்னும் பத்து நாள் இருந்தது, அதுவரை சேர்வர் அறைச் சாவி அவளிடம். சாவி கைமாறியதால் திங்கட்கிழமை அவனுடைய பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. மாற்றினான். கொஞ்ச நேரத்தில் விரல் பழைய பழக்கத்தில் பழையதையே அடித்தது. திரும்பத் திரும்ப அடித்தது. பூட்டிக்கொண்டது.

சேர்வர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கே போய் நின்று கேட்க வேண்டும். பாதி எழுந்தான்.

"தொறந்துட்டேன் அண்ணே" என்றது உள்ளிருந்து குரல். "ஒக்காருங்க."

அப்படியானால் அவன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு அவள் காத்திருக்கிறாள். அழகுமுத்து உட்கார்ந்தான்.