முதல் வரியில் எழுதிய கல்லூரி

ஃபௌசியாவின் திரையில் ஐந்து பொத்தான்கள் இருந்தன. என்னுடையதில் மூன்றுதான்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. பொறியியல் கலந்தாய்வின் முதல் சுற்றில் இருவருக்கும் தற்காலிக ஒதுக்கீடு வந்திருந்தது. என் கட் ஆஃப் அவளுடையதைவிட நான்கு மதிப்பெண் அதிகம். ஆனாலும் ‘ஏற்கிறேன், மேலே இடம் வந்தால் மாற்றுங்கள்’ என்ற பொத்தான் அவளுக்கு இருந்தது, எனக்கு இல்லை. அவள் போனிலும் என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மூன்றுதான். ‘ஏற்கிறேன்’, ‘விலகுகிறேன்’, ‘வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்’. மாலை ஐந்து மணிக்குள் ஒன்றை அழுத்தியாக வேண்டும்.

“நெட் ஸ்லோவா இருக்கும்டி” என்றாள் ஃபௌசியா.

“ஸ்லோவா இருந்தா ரெண்டு பொத்தான மட்டும் முழுங்குமா?”

எனக்கு வேண்டியது எலக்ட்ரிக்கல். கிடைத்ததோ பண்ருட்டிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஐ.டி. அங்கே எலக்ட்ரிக்கலே கிடையாது.

மூன்று மணிக்கு அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்தார். “இன்னாம்மா பிரியா, சீட்டு வந்துடுச்சா?”

“வந்துடுச்சிப்பா. நீங்க மொதல்ல எழுதச் சொன்னதே.”

“பாத்தியா!” சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி ஃபௌசியாவிடம் திரும்பினார். “இவ பொறந்தப்ப கம்பெனி குவார்ட்டர்ஸ்ல பெரிய வூடா கேட்டு எழுதிட்டு நாலு வருஷம் காத்துகினு கெடந்தேன். சின்ன வூடு கேட்டவன்லாம் பொங்கலுக்கே பால் காச்சிட்டான். கெடைக்கிறத மொதல்ல எழுதணும்மா.”

பொத்தான்கள் எங்கே போயின என்று எனக்கு அப்போது புரிந்தது. ஒரு தாளில் என் பட்டியலை எழுதினேன். கலந்தாய்வுக் கணினி மதிப்பெண் வரிசையில் ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. அவருடைய பட்டியலை மேலிருந்து படிக்கிறது. எந்த வரியில் இடம் காலியோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது, கீழே படிப்பதில்லை. மேல்வரியில் இடம் இல்லாவிட்டால் அடுத்த வரிக்குப் போகிறது; கிடைக்காததை மேலே எழுதியதால் யாரும் எதையும் இழப்பதில்லை. ஃபௌசியாவுக்குக் கிடைத்தது மூன்றாவது வரி. அவளுக்கு மேலே இரண்டு வரிகள் இருக்கின்றன. எனக்குக் கிடைத்தது முதல் வரி. அதற்கு மேலே வெறும் தாள்தான்; மாறுவதற்கு வரி இல்லை, அதனால் பொத்தானும் இல்லை. இரண்டாவது வரியில் எழுதிய கோவை எலக்ட்ரிக்கலைக் கணினி பார்க்கவே இல்லை.

அப்பா தாளை வாங்கி வரி வரியாகப் படித்தார்.

“அப்ப நான் சொன்னதாலதானா?”

நான் போனை எடுத்து உதவி எண்ணைத் தேடினேன்.

“கவுன்சிலிங் ஆபீஸ்ல யாரையாவது பாத்து ஒரு மனு குடுத்துட்டு வரட்டா?”

“மனு வாங்க ஆள் இல்லப்பா. அது கம்ப்யூட்டர் போடறது.”

உதவி எண் எட்டு முறையும் பிஸி. அப்பா பாதி கழற்றிய ஷூவோடு உட்கார்ந்திருந்தார். நாலரை ஆயிற்று.

“வேணாம்னு அழுத்திடேன்டி” என்றாள் ஃபௌசியா.

“அழுத்திட்டு இதுவும் போச்சுன்னா? நீ வந்து எங்க வூட்டுல பேசுவியா?”

நான் காலியிடங்களின் பட்டியலைத் திறந்தேன். கோவை எலக்ட்ரிக்கல்: பூஜ்யம். அங்கேயே விரல் நின்றுவிட்டது. என்னைவிடக் குறைந்த மதிப்பெண்காரர் ஒருவர் அதில் உட்கார்ந்திருப்பார். அது இனி வராது.

விரலை நகர்த்தினேன். சேலம் எலக்ட்ரிக்கல்: மூன்று. எனக்கு ஒதுக்கிய கல்லூரி: அறுபத்தொன்று.

அறுபத்தொன்று. அந்த இடத்தை விட்டாலும் அது எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த சுற்றுக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னைவிடக் குறைவான கட் ஆஃப்காரர்கள். அவர்களுக்கு முன்னால் என்னைத்தான் எடுப்பார்கள்.

மணி நான்கு ஐம்பது. தாளைத் திருப்பி அப்பாவுக்கும் தெரியும்படி எழுதினேன்: மூன்றாவது பொத்தானை, ‘வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன்’ என்பதை அழுத்த வேண்டும். புதிய பட்டியலில் சேலம் எலக்ட்ரிக்கல் முதல் வரி, மற்ற எலக்ட்ரிக்கல்கள் பிடித்த வரிசையில், இந்தக் கல்லூரி கடைசி வரி. அப்பா படித்துவிட்டுத் தலையாட்டினார்; மூன்றாவது பொத்தானை அழுத்தினேன்.