கண்டுபிடித்தவர்: கமலவேணி

கோலாலம்பூரிலிருந்து வந்த வழக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்த கணேசமூர்த்தி ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு பட்டறைப் பக்கம் திரும்பி, "கமலா, கொஞ்சம் இங்க வா" என்றார்.

கமலவேணி பற்றவைக்கும் கம்பியை அணைத்துவிட்டு வந்தாள்.

"கண்டுபிடிச்சவங்கன்னு ஒரு பேரு போட்டிருக்கான் பாரு. இது நீயா?"

ஆங்கிலத்தில் அவள் பெயர் இருந்தது. அப்பா ராமையாவின் பெயரும் கூடவே இருந்தது.

"நான்தாண்ணே."

"அப்ப ஒன் பொருளுக்கு ஒன்னை வேலைக்கு வச்சிருக்கிற என்மேலயே கேஸா?"

தாளைத் திருப்பி அவர் மேசையில் வைத்தாள்.

மலாக்காவை ஒட்டிய புக்கிட் பெருவாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் கணேசமூர்த்தியின் கம்பெனி இருந்தது. திருட்டு எச்சரிக்கைப் பெட்டி செய்து விற்றார்கள். கதவை யாராவது உடைத்தால் பெட்டி தானாகவே வீட்டுக்காரரின் நம்பருக்குப் போன் அடிக்கும். திருடர்கள் இதைத் தெரிந்துகொண்டு, உள்ளே நுழையுமுன் வெளியே போகும் போன் ஒயரை அறுக்க ஆரம்பித்தார்கள். கணேசமூர்த்தியின் பெட்டி அதற்கும் விழித்துக்கொள்ளும். ஒயர் அறுபட்ட உடனே சைரன் ஊரைக் கூட்டிவிடும். மழை இடிக்கு லைன் செத்துப்போனால் மட்டும் பேசாமல் இருக்கும். மழையையும் கத்தியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அந்தச் சின்னப் பலகைக்காகத்தான் சனங்கள் அவர் பெட்டியைத் தேடி வந்தார்கள்.

அந்தப் பலகையைக் கமலவேணி செய்தது இங்கே அல்ல. ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து படித்து வெளியே வந்து, முதலில் சேர்ந்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் செய்தாள். அதன் காப்புரிமையைக் கம்பெனிக்கே எழுதிக்கொடுக்கும் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள். ஒரு ஓட்டலில் விருந்து வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் பெயர் பொறித்த தகடு ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு அந்தத் தொழிற்சாலை நொடித்துப்போய் மூடிவிட்டது. மேசை, நாற்காலி, இயந்திரங்களை ஏலம் விட்டபோது காப்புரிமைகளும் யாருக்கோ போயின. அது அவளுக்குத் தெரியாது. கம்பெனி செத்தால் அதன் தாள்களும் கூடவே செத்துவிடும் என்று நினைத்துத்தான், கணேசமூர்த்தியிடம் சேர்ந்ததும் அந்தப் பலகையைத் திரும்பவும் செய்து கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அலோர் காஜாவிலிருந்த அவள் வீட்டுக்கு ஓர் இளைஞன் வந்தான். பெயர் பிரவின் என்றும், வழக்குப் போட்ட கம்பெனியிலிருந்து வருவதாகவும் சொன்னான். கையில் ஒரு பழக்கூடை இருந்தது. அவள் கணவன் காந்தன், தொழிற்சாலை பஸ் ஓட்டிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவன், எழுந்து வந்து சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, ஒங்க மேல எங்களுக்கு ஒண்ணும் கோபம் கிடையாதுலா" என்றான் பிரவின். "நீங்க எங்க சைடுல சாட்சி சொன்னா போதும். நான்தான் செஞ்சேன், புதுசாத்தான் செஞ்சேன்னு."

"ஒங்க கம்பெனில அந்தப் பெட்டி செய்றீங்களா?" என்று கேட்டாள்.

"நாங்க எதுவும் செய்றதில்லக்கா. பேட்டண்ட் வாங்கி வச்சிருக்கோம். யாராச்சும் செஞ்சா அவங்களப் பாத்துப் பேசுவோம். அவ்ளோதான்."

சிறிது நேரம் கழித்து, உண்மையான ஆவலோடு அவனே கேட்டான்: "ஆமா, அது உள்ளுக்கு என்னதான் பண்ணுதுக்கா? நான் படிச்சுப் பாத்தேன், வெளங்கல."

அவள் சொன்னாள். மழை, ஒயர், கத்தி. அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். "நல்ல ஐடியாக்கா" என்றான். சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று அவள் சொன்னதும் வற்புறுத்தவில்லை. பழக்கூடையை விட்டுவிட்டுப் போனான். காந்தன்தான் பொரிந்து தள்ளினான். அவள் பழங்களைக் கழுவிக் குளிர்பெட்டியில் வைத்தாள்.

மலாக்கா டவுனில் வக்கீல் வடிவேலுவின் அலுவலகத்துக்குக் கணேசமூர்த்தி அவளைக் கூட்டிப்போனார். வடிவேலு நல்ல மனிதர். வந்ததும் கோப்பி வாங்கிவரச் சொன்னார்.

"வழி ஒண்ணுதான் இருக்கு" என்றார். "இது புதுசே இல்ல, இந்தத் தொழில்ல இருக்கிற எல்லாருக்கும் முன்னயே தெரிஞ்ச விஷயந்தான்னு காட்டிட்டா பேட்டண்டே செல்லாது. வேற யாரு சொன்னாலும் கோர்ட்டு ஆயிரம் கேள்வி கேக்கும். கண்டுபிடிச்சவங்களே சொன்னா அவன் வாய மூடிக்குவான்."

வாக்குமூலத்தை ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அவள் வாசித்தாள். அந்தப் பலகையில் புதிதாக எதுவும் இல்லை, பலரும் செய்துவந்ததையே தானும் செய்ததாக அவள் சொல்வதுபோல எழுதியிருந்தது.

"முன்னாடி இந்த மாதிரி யாரும் செஞ்சதில்லையாம்மா?" என்று வடிவேலு மெதுவாகக் கேட்டார். "எங்கயாவது புத்தகத்துல? ஜப்பான்ல?"

"தேடிப் பாத்தேன் சார். அப்பவே தேடினேன். இல்ல."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இல்ல சார்."

கணேசமூர்த்தி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "கமலா. நம்ம பட்டறைல எத்தன பேரு சாப்பிடுறாங்கன்னு ஒனக்குத் தெரியாததா? வாணிக்கு இப்பத்தான் வீட்டு லோன் கெடச்சிருக்கு. ஒரு கையெழுத்து. அவனுங்க செய்றது மட்டும் நியாயமா?"

நியாயம் இல்லை என்று அவளுக்கும் தெரியும். அழுகையோ கோபமோ வரும் என்று எதிர்பார்த்துத்தான் அவள் அங்கே வந்திருந்தாள். எதுவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போவதைப்போல இருந்தது. பேனாவை எடுத்தாள். பிறகு மூடியைப் போட்டுத் தாளின் மேலேயே வைத்துவிட்டாள்.

"நான் செஞ்சத செய்யலன்னு எழுத வரலண்ணே."

வாங்கிவந்த கோப்பி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

அவள் உண்மையின் பக்கம் நின்றதாகக் காந்தன் அன்று சாயந்திரம் சொல்லிப் பார்த்தான். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. வாழ்க்கையில் வேறு யாரும் செய்யாத ஒன்றை அவள் செய்தது ஒரே ஒரு தடவை. அது யாருக்கோ சொந்தமாகிவிட்டது, போகட்டும். செய்யவே இல்லை என்று எழுத மட்டும் கை வரவில்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே சோறு போட்டாள்.

வழக்கு கோர்ட்டு வாசலை மிதிக்கவே இல்லை. இரண்டு பக்கத்து வக்கீல்களும் பேசி முடித்தார்கள். நஷ்டஈடு கட்டக் கணேசமூர்த்தி டெலிவரி வேனை விற்றார். இனி அந்தப் பலகையைச் செய்யக் கூடாது என்று ஆயிற்று. ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கு ஒவ்வொன்றாகப் பணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பலகையை மட்டும் கழற்றிவிட வேண்டும். கட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பட்டறையில் பாதிப் பேரை நிறுத்தினார். வாணி தன் குவளையையும் மேசை விசிறியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கமலவேணியின் அருகில் வந்து நின்றாள்.

"நீ ஒரு கையெழுத்து போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்லக்கா."

"ஆமா வாணி."

அவள் மறுத்துப் பேசுவாள், சண்டையாவது போடலாம் என்று வாணி எதிர்பார்த்திருக்க வேண்டும். பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

கணேசமூர்த்தி கமலவேணியை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஒரு சுடுசொல்லும் சொல்லவில்லை. மறுநாள் காலை வாடிக்கையாளர் முகவரிகளைக் கொடுத்தபோது, "கமலவேணி, நீங்களே போயி கழட்டிட்டு வந்துடுங்க. வேற யாரு கை வச்சாலும் பெட்டி கெட்டுப்போயிடும்" என்றார். இத்தனை வருசத்தில் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதன்பிறகு மாறவும் இல்லை.

அவள் பஸ்ஸிலும், சில நாள் காந்தனின் மோட்டார் சைக்கிளிலும் போனாள். முதலில் தாமான் குடியிருப்பு வீடுகள், அப்புறம் அலோர் காஜா கடைகள், பிறகு ரெம்பியா. மூடியைத் திறந்து, நான்கு இடத்தில் சூடு காட்டி, பலகையை உருவி எடுத்து, மறுபடியும் மூடுவாள். கை தானாகவே வேலை செய்தது. சர்வீஸ் என்று நினைத்து நன்றி சொன்னவர்கள் உண்டு. சிலர் திட்டினார்கள். அவள் எல்லோரிடமும் ஒரே மாதிரி தலையாட்டினாள்.

ரெம்பியாவில் வேலாயி என்ற அம்மாள் மளிகைக் கடை வைத்திருந்தார். புருசன் இல்லை. திருடர்கள் ஒருமுறை போன் ஒயரை அறுத்துவிட்டுக் கடையைத் துடைத்துப் போயிருந்தார்கள். அதற்கப்புறம்தான் பெட்டி வாங்கினார். கமலவேணி ஏணியில் ஏறியதும் கீழே வந்து நின்று பிடித்துக்கொண்டார்.

"கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. ஒரு சாமான் கழட்டணும்."

"கழட்டிட்டா, ஒயர அறுத்தா சத்தம் போடுமா?"

"போடாதுக்கா. கதவ ஒடச்சா மட்டும் போன் அடிக்கும்."

"ஒயர அறுத்தப்பறம் எங்கேருந்து போன் அடிக்கும்?"

கமலவேணி திருகாணியைச் சட்டைப் பையில் போட்டாள்.

"யாரு கழட்டச் சொன்னது?"

"அது வேறொருத்தங்களுக்குச் சொந்தமாம். கேஸ் முடிஞ்சுபோச்சு."

"யாரு செஞ்சது அத?"

"நான்தான்."

வேலாயி ஏணியைப் பிடித்தபடியே அண்ணாந்து அவளைப் பார்த்தார். "அப்ப ஒன்னோடதுதானே? கழட்டிட்டேன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போயேன். எவன் வந்து பாக்கப் போறான்?"

யாரும் வந்து பார்க்கமாட்டார்கள். பிரவின் பார்த்தாலும் அவனுக்கு அடையாளம் தெரியாது. கமலவேணி பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை நிறம், தீப்பெட்டி அளவு. விட்டுவிட்டுப் போகலாம். அப்படிச் செய்ய ஏதாவது ஒரு எண்ணம் உந்த வேண்டும். அது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பிளக்கைச் செருகிக் கம்பி சூடாகும்வரை ஏணியிலேயே நின்றாள். பிறகு நான்கு இடத்திலும் சூடு காட்டினாள்.

வேலாயி கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தபோது திரும்ப வந்து, "வெயில்ல எங்க போவே. ஒக்காரு, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டார். தட்டு நிறைய சோறு வைத்தார், கேட்காமலே இரண்டாவது முறையும் குழம்பு ஊற்றினார். கமலவேணி முழுவதையும் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து, ரெம்பியாவில் ஒரு அக்கா சோறு போட்டார், நல்லா இருந்தது என்று காந்தனிடம் சொன்னாள். என்ன குழம்பு என்று அவன் கேட்டான். அவளுக்கு நினைவில்லை.