இரண்டாம் நிமிடம், நாற்பதாம் நொடி

என் மகள் செய்யும் இசையில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. பாட்டு இல்லை, தாளம் இல்லை. வயலின்களும் செல்லோக்களும் ஒரு சுரத்தில் ஏறி நின்றுகொண்டு, இறங்க மனமில்லாதவர்களைப்போல அங்கேயே நிற்கும். பின்னால் ஏதோ ஒன்று மெல்ல நகரும். இருபத்தாறு ஆண்டுகள் ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாத ஒன்றை இசை என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

"இது கேக்கறதுக்கு இல்லப்பா," என்பாள். "கூட இருக்கறதுக்கு."

அந்த வயலின்களையும் யாரும் அங்கே உட்கார்ந்து வாசிப்பதில்லை. எப்போதோ ஒரு ஸ்டுடியோவில் ஒருவர் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, மெதுவாக ஒருமுறை, அழுத்தி ஒருமுறை, நீட்டி ஒருமுறை வாசித்துப் பதிவு செய்து கொடுத்திருப்பார். சாம்பிள் என்பார்கள். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் அந்தச் சுரங்களைக் கீபோர்டின் கட்டையை அழுத்தி எழுப்பி வரிசைப்படுத்துவது அவள் வேலை. சாம்பிள் என்ற சொல்லையே பல ஆண்டுகள் நான் வீட்டுக்குள் விட்டதில்லை. ஆனால் அவள் வாத்தியக்காரி அல்ல. சாம்பிளுக்கு எதிராக வாத்தியக்காரர்களாகிய நாங்கள் போட்ட தீர்மானம் அவளைக் கட்டுப்படுத்தாது. அப்படிச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு பெரிய மருத்துவமனை அவளிடம் நாற்பது நிமிட இசை கேட்டது. உள்ளே அறுவை சிகிச்சை நடக்கும்போது உறவினர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் நாள் முழுக்க அது திரும்பத் திரும்ப ஓடும். சுவரில் சின்னப் பலகையில் அவள் பெயர் இருக்கும். அவள் பெயருக்கு முன்னால் என் முதலெழுத்து நிற்கிறது. ஆகவே அந்த வேலையில் எனக்கும் அக்கறை உண்டு.

"ஒரு நிமிஷம் வாங்கப்பா. மூணு செட் வயலின் போடறேன். எது எதுன்னு சொல்ல மாட்டேன். காதை மட்டும் வச்சுட்டுச் சொல்லுங்க."

அவள் அறைச் சுவர்களில் பழைய கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பாள், எதிரொலி வராமலிருக்க. மேஜைமேல் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதலாவது பெரிய அரங்கில் அறுபது பேர் வாசித்தது. "சர்க்கரைப் பாகு," என்றேன்.

"அடுத்தது."

சுத்தமாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை. "இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே ஆள் இல்லை."

"எழுதிக்கறேன், இருங்க. மூணாவது."

சிறிய அறையில், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரே ஆளை வைத்துப் பதிவு செய்தது. வயலின்கள் சுமார். பிறகு வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, தடித்த குரலுள்ள வயோலா தனியாக நுழைந்தது. வில் நரம்பைத் தொடும் அந்தக் கணம் எனக்குப் பிடித்திருந்தது. அவசரப்படாத கை.

"இது," என்றேன். "இதில் ஆள் இருக்கிறார்."

அவள் கைதட்டினாள். "நானும் இதைத்தான் நினைச்சேன். ரொம்பப் பழசுப்பா. யாரோ இலவசமா இணையத்துல போட்டு வச்சிருக்காங்க. வாசிச்சவங்க பேரே இல்ல. பேர் போட விரும்பலைன்னு ஒரு வரி இருக்கு, அவ்வளவுதான்."

அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

முதல் ஏழு நிமிடத்தை முடித்ததும் அவள் அதை ஒரு இணையக் குழுவில் போட்டாள். இதே மாதிரி இசை செய்கிறவர்கள் கூடிக் கருத்துச் சொல்லும் இடம். சொந்தப் பெயரை ஒளித்துக்கொண்டு, தூங்குமூஞ்சி, ஈரக்கம்பளி என்றெல்லாம் பெயர் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள். என் மகள் மட்டும் தன் முழுப்பெயரையும், என் முதலெழுத்தோடு, போட்டிருந்தாள். முகம் தெரியாதவர்கள் முன்னால் போய் நின்று குறை சொல்லுங்கள் என்று கேட்பது எனக்கு ஒவ்வாத காரியம். சொன்னேன்.

"நீங்க மட்டும் பாராட்டிட்டே இருந்தா நான் எப்பப்பா தேறுவேன்?" என்றாள்.

கருத்துகளை வாசித்துக் காட்டினாள். ஈரக்கம்பளி எழுதியிருந்தார்: 'பாதியில் தூங்கிவிட்டேன். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவும்.' இன்னொருவருக்குச் செல்லோ கொஞ்சம் இருட்டாக இருந்தது. கடைசியாக ஒருவர்: 'இரண்டு நிமிடம் நாற்பது நொடியில், வயோலா வருவதற்குச் சற்று முன், விசில் மாதிரி ஒரு சத்தம். பிறகும் சில இடங்களில் வருகிறது. பதிவில் ஏதோ கோளாறு. சாம்பிளை மாற்றுவது நல்லது.'

"விசிலா? எனக்கு அது மூச்சு மாதிரிதான் கேக்குது. அழகாக்கூட இருக்கு. உங்க காது சொன்னா அதுதான் முடிவு." ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள்.

ஸ்பீக்கரில் விழாதது ஹெட்போனில் விழுந்தது. செல்லோக்கள் அடங்கின. அமைதி. அந்த அமைதிக்குள் ஒருவன் மூக்கால் மூச்சை இழுத்தான். மெல்லிய விசில், மேலே ஏறி நுனியில் சற்று உடைந்தது. பிறகு வில் நரம்பில் இறங்கியது.

என் தம்பி.

எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு ஒன்பது. நான் வயலின் பழகும் அறைக்குள் எதையோ கேட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தான். மூன்றாவது தடவை எட்டிப் பார்த்தபோது கதவை ஓங்கிச் சாத்தினேன். மூக்கெலும்பு போயிற்று. ஆறிய பிறகு அவன் மூச்சிழுத்தால் விசில் வரும். வீட்டில் அவன் பெயரே விசில் ஆயிற்று. பின்னால் இருவரும் ஒரே ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தோம், அவன் வயோலா. மெல்லிசான இடங்களில் வயோலாக்காரர்கள் ஆர்கெஸ்ட்ரா நடத்துநரின் கையைப் பார்ப்பதில்லை, விசிலைக் கேட்டுத்தான் நுழைகிறார்கள் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அதில் பொய் இல்லை. நானே அப்படி நுழைந்திருக்கிறேன்.

சாம்பிள் வந்து எங்கள் வேலையைத் தின்னத் தொடங்கியபோது வாத்தியக்காரர் சங்கத்தில் தீர்மானம் போட்டோம்: யாரும் தம் சுரத்தைத் தனித்தனியாகப் பதிவுசெய்து கொடுக்கக் கூடாது. நான் தலைவர். முதல் கையெழுத்து என்னுடையது, நாலாவது அவனுடையது. ஆறு மாதம் கழித்து, பூட்டிய ஸ்டுடியோ ஒன்றில் நான்கு நாள் உட்கார்ந்து வயோலாவின் நாற்பத்தொரு சுரங்களையும் வாசித்துக் கொடுத்துவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது காரணம் சொல்லியிருப்பான், நானும் தணிந்திருப்பேன். சங்கக் கூட்டத்தில் அவனுடைய விலக்கல் கடிதத்தை வேறு யாரும் படிக்க விடாமல் நானே எழுந்து நின்று படித்தேன். சொந்தத் தம்பி என்று சலுகை காட்டினான் என ஒருவரும் பேசக் கூடாது. அவன் வயோலாவைப் பெட்டியில் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டி, வெளியே போனான். பத்தொன்பது வருஷம். அம்மா சாகும்வரை அவனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் போனபோது மகளுக்கு ஆறு வயது. சித்தப்பா தூரமாகப் போய்விட்டார், தொடர்பில்லை என்று சொல்லி வைத்திருந்தோம்.

"அப்பா, தீர்ப்பு எழுதற மாதிரி உக்காந்திருக்கீங்க. சொல்லுங்க."

உண்மையான தீர்ப்பு எனக்குத் தெரியும். அந்த மூச்சு இல்லாவிட்டால் அந்த இடம் செத்துவிடும். ஆனால் நான் எழுந்து நின்று விலக்கியவன், என் முதலெழுத்தின் கீழே, என் மகளின் பெயர்ப்பலகைக்குப் பின்னாலிருந்து மூச்சு விடுவதா? தெரிந்தவர் ஒருவர் கேட்டால் போதும்.

"எடுத்துவிடு," என்றேன்.

"நீங்கதானே ஆள் இருக்கார்னு சொன்னீங்க?"

"ஆள் இருக்கலாம். மூக்கு இருக்கக் கூடாது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மாற்றினாள். இஸ்திரி போட்ட சட்டையைக் கொண்டுவந்து அந்த இடத்தில் தொங்கவிட்டாள். புதிய வடிவத்தைக் குழுவில் ஏற்றியபோது கூடவே ஒரு குறிப்பும் எழுதினாளாம்: 'அப்பா சொன்னார், ஆள் இருக்கலாம், மூக்கு இருக்கக் கூடாது என்று. ஆகவே வயோலாவை மாற்றிவிட்டேன்.' நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

மருத்துவமனை அறையில் இசை ஓடத் தொடங்கிய அன்று என்னையும் அழைத்துப் போனாள். மூன்றாம் மாடி. சாம்பல் நிற நாற்காலிகள் வரிசையாகத் தரையோடு திருகப்பட்டிருந்தன. பதினைந்து பேர் இருப்பார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூரையில் பதித்த ஸ்பீக்கர்களிலிருந்து அது இறங்கிக்கொண்டிருந்தது. கூட இருப்பதற்கு என்று அவள் சொன்னது எனக்கு அங்கேதான் புரிந்தது. பலகையில் எழுத்துகள் பிழையில்லாமல் இருந்தன. இரண்டு தடவை பார்த்தேன்.

செல்லோக்கள் அடங்கின. அமைதி. என்னை அறியாமல் என் மூச்சு நின்றது, பழைய பழக்கம். நுழைவதற்கு விசிலுக்காகக் காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. வயோலா தானாக, குழாயைத் திறந்ததுபோல, வந்தது.

"நல்லா இருக்குல்லப்பா?"

"குறையில்லை."

அவள் போனைத் திறந்து கருத்துகளைப் பார்த்தாள். முகம் மாறியது. என் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் வாசித்தாள்.

'முதல் வடிவத்தில் இருந்த வயோலாவை வாசித்தவன் நான். மூக்குக்கு மன்னிக்கவும். சிறு வயதில் கதவில் அடிபட்டது. உங்கள் இசை நன்றாக இருக்கிறது. அதில் கொஞ்ச நாள் இருந்ததில் சந்தோஷம். அப்பாவுக்குக் காது இன்னும் அப்படியே இருக்கிறது என்று சொல்லுங்கள்.'

"ஐயோ," என்றாள். "அந்த ஆளே படிச்சிருக்காருப்பா. எவ்வளவு வலிச்சிருக்கும். நான் வேற ஜோக்குன்னு நினைச்சுப் போட்டுட்டேன். உங்க காதைப் பத்தி அவருக்கு எப்படித் தெரியும்? மன்னிப்புக் கேட்டு எழுதட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்பா?"

"முன்பின் தெரியாதவர்களோடு என்ன பேச்சு? விடு."

அவள் விடவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆனால் என் பேச்சைத் தாண்டி அவளுக்குப் பழக்கமில்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

எட்டு நாள் போனது. கதவில் அடிபட்டது என்று எழுதியிருந்தான். அண்ணன் சாத்தினான் என்று எழுதவில்லை. அத்தனை பேர் படிக்கிற இடத்தில், என் முதலெழுத்து நின்ற பக்கத்திலேயே, என் மானத்தை அவன் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அன்று தீர்மானம் போட்டது தவறென்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கடனை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார என்னால் முடியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை அவள் அறைக்குப் போனேன். "அந்த வயோலாக்காரருக்குப் பதில் எழுத வேண்டும். நான் சொல்கிறேன், நீ அடி."

"அப்பாடா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வயோலாவில் குறையில்லை."

அடித்தாள்.

"எடுக்கச் சொன்னது காது அல்ல."

அடித்தாள்.

"கதவைச் சாத்தியது நான்தான்."

விரல்கள் நின்றன. "எந்தக் கதவு?"

நான் கம்பளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா. எந்தக் கதவு?"

"உன் சித்தப்பாவின் மூக்கு அது."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு ஹெட்போன்ல கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் எடுக்கச் சொன்னீங்களா?"

"ஆமாம்."

"அந்த வரிய என் பேர்ல போட்டேன்பா," என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "நான்தான் அவர் மூக்கைக் கிண்டல் பண்ணி ஊருக்கே சொன்ன மாதிரி ஆச்சு."

மிச்சத்தை நான் சொல்லாமலே அவளே எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு வரி வந்தது. இந்த நபர் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவன் எழுதியது மட்டும் அங்கேயே கிடந்தது. பக்கத்தில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் வட்டம்.

அவள் விசாரிக்காத இடமில்லை. அந்தச் சாம்பிளை இணையத்தில் போட்டவர்கள் யாரென்றே தெரியவில்லை. பழைய வடிவத்தை வைக்க முடியுமா என்று மருத்துவமனையிலும் கேட்டாள். ஒருமுறை ஏற்றியது அடுத்த வருஷம்வரை அப்படியேதான் ஓடும் என்று சொல்லிவிட்டார்கள். என்னோடு அவள் பேசாமலில்லை. சாப்பிட்டாச்சா என்கிறாள், மாத்திரை போட்டாச்சா என்கிறாள். அவள் செய்வதைக் கேட்டுச் சொல்லக் கூப்பிடுவதில்லை.

வாரத்தில் இரண்டு நாள் காலையில் நான் அந்த மூன்றாம் மாடிக்குப் போய் உட்காருகிறேன். யாரும் தடுப்பதில்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை அந்த இடம் வரும். செல்லோக்கள் அடங்கும். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

போன வாரம் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னை முன்பும் பார்த்திருப்பார் போலும்.

"உள்ள உங்களுக்கு யாருங்க?" என்றார்.

"தம்பி."

"எப்ப வெளிய கூட்டிட்டு வருவாங்களாம்?"

வயோலா வந்துவிட்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லலைங்க," என்றேன்.