துணைக்கு வருபவர் பெயர்

படிவத்தில் ஒன்பது கேள்விகள். எட்டுக்கு மளமளவென்று பதில் எழுதிவிட்டாள் குணவதி. ஒன்பதாவதில் பேனா நின்றுவிட்டது. 'துணைக்கு வருபவர் பெயர், தொலைபேசி எண், உறவுமுறை.'

வியாழக்கிழமை வலது கண்ணில் புரை எடுக்கிறார்கள். இன்றைக்குச் செவ்வாய். கட்டுப்போட்ட கண்ணோடு தனியாக அனுப்ப மாட்டோம், ஆள் வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போக வேண்டும் என்று மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். போன முறை குணவதி அம்மாள் ஜம்பமாகத் தனியே போய் நின்றாள். சொட்டு மருந்தெல்லாம் விட்ட பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் தவறினால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தான். இடது கண்ணும் மங்கிக்கொண்டே வருகிறது. நேற்று எண் தெரியாமல் மூன்று பஸ்களைக் கோட்டைவிட்டாள்.

ஒரு பெயர் வேண்டும். அவ்வளவுதான்.

பெயருக்கா பஞ்சம்! துறைமுகக் குமாஸ்தாவின் மகளாகச் சிங்கப்பூரில் பிறந்தவள், இருபத்தெட்டு வயதில் 'ரெண்டு வருஷம் போயிட்டு வரேன்' என்று தர்மபுரிப் பக்கத்து வறண்ட கிராமங்களுக்குக் கிளம்பினாள். அந்த இரண்டு வருஷம் நாற்பத்தொரு வருஷம் ஆயிற்று. கிணறு, தடுப்பணை, பால்வாடி, பெண்கள் சங்கம் என்று ஓடிய ஓட்டத்தில் கல்யாணம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அங்கே, அவள் குடியிருந்த கரட்டுப்பட்டியில், அவள் தும்மினால் மூன்று வீட்டில் கஷாயம் கொதிக்கும். தம்பி இராஜசிங்கம் படுத்துவிட்டான் என்றுதான் சிங்கப்பூருக்குத் திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் மாதம் அவனும் போய்விட்டான். அவன் மகள் தர்ஷனா ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். மிச்சம் தோ பாயோவில் ஏழாவது மாடி வீடும், அதில் குணவதியும்.

இரண்டு வாரத்துக்கு முன் இதே கட்டத்தில் கூசாமல் கரட்டுப்பட்டிப் பெண்கள் சங்கத் தலைவி செல்லக்கண்ணுவின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள். தாதி கவிப்ரியாவிடமிருந்து உடனே போன் வந்தது.

"ஆன்ட்டி, இது இந்தியா நம்பர் லா! இவங்க எப்படி வந்து உங்கள கூட்டிட்டுப் போவாங்க?"

குணவதிக்கு அசடு வழிந்தது. ஆனால் செல்லக்கண்ணுவிடம் முதல் நாளே கேட்டுவிட்டுத்தான் எழுதியிருந்தாள். "வந்துடறேன்க்கா, எந்த பஸ் ஏறணும்?" என்று அந்த மகராசி கேட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் கீரை வாங்கப் போனபோது, புல்தரையில் உட்கார்ந்து போன் பேசிய, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஓர் ஊழியரின் பேச்சில் அச்சு அசல் தர்மபுரிப் பக்கத்துப் பென்னாகரம் வாடை அடித்தது. காலே நகரவில்லை. 'தம்பி, வியாழக்கிழமை ஒரு மூணு மணிநேரம்...' என்று தொண்டைவரை வந்தது. வேலை நாளில் லீவு எங்கே கிடைக்கும் அவருக்கு? அவர் போனை வைத்துவிட்டு, "என்னம்மா, வழி தெரியலையா?" என்றார். "ஒண்ணுமில்லப்பா" என்று நடையைக் கட்டினாள். உண்மையில் லீவு ஒரு சாக்கு. அவளுக்குக் கேட்க வாய் வரவில்லை.

அதற்குக் காரணம் அவளுடைய முதல் பாடம். கிராம வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் சொல்லுவாள்: "புது ஊருக்குப் போனா எவர் கதவையும் தட்டாதே. ஒரு வாய் தண்ணிகூடக் கேக்காதே. பொது இடத்துல போய் உக்காரு. தினமும் அதே நேரம், அதே இடம். அவங்களா கூப்பிடணும்." கரட்டுப்பட்டியில் ரேஷன் கடை ஓரம் ஒன்பது நாள் அப்படி உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் செல்லக்கண்ணு வந்து, "ஏம்மா, ஒக்காந்தே கெடக்கறயே, கூழு குடிக்கிறயா?" என்றாள். அந்தக் கூழில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

தோ பாயோவுக்கும் அதே வைத்தியத்தைப் பண்ணினாள் பாருங்கள், அங்கேதான் கோளாறு. தம்பியின் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில், லிஃப்டைப் பார்த்த கல்மேசையில் ஆஜர். போகிறவர் வருகிறவரெல்லாம் தலையாட்டினார்கள். "ஹலோ ஆன்ட்டி" என்றார்கள். லிஃப்ட் திறந்தது, மூடியது. கரட்டுப்பட்டிக்கு ஒன்பது நாள் பிடித்தது. இங்கே பதினான்கு மாதமாகியும் ஒரு குவளை கூழைக் காணோம்.

இரண்டு மேசை தள்ளி, எதிர்வீட்டுத் தங்கராஜு தமிழ்ப் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வாரத்தில் மூன்று நாள் ஆளைக் காணமுடியாது. ஊர்சுற்றி போலிருக்கிறது என்று குணவதி முடிவு கட்டியிருந்தாள். ஆயிரம் வீடு கணக்கெடுத்தவள் எதிர்வீட்டை எடுத்த லட்சணம் அது.

புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கீழே போகவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் நின்றாள். நாலடி தூரம்தான். கை மூன்று முறை மணி வரை போய்த் திரும்பியது. நாலாம் முறை அழுத்திவிட்டாள்.

தங்கராஜு கம்பிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னங்கம்மா?"

"ஒரு உதவி..." குரலே எழும்பவில்லை. அப்போதுதான் பார்த்தாள், தன் கை இரண்டும் கட்டியிருந்தன, தலை குனிந்திருந்தது.

அடப் பாவமே! இதே குணவதிதான் திங்கட்கிழமைதோறும் மனுக் கொடுக்க, பெண்களைக் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப் போவாள். "தலையை நிமித்து. கையைக் கட்டாதே. சத்தமாக் கேளு" என்று பஸ்சில் போகும்போதே ஒத்திகை நடத்துவாள். உள்ளே போனதும் அவர்கள் குரல் உள்வாங்கும்போது, இத்தனை சொல்லியும் இப்படியா என்று எரிச்சல் வரும். கேட்பவளின் பாரம் என்னவென்று அந்த நாற்பத்தொரு வருஷத்தில் அவளுக்குத் தெரியவே தெரியாது. கொடுக்கிற பக்கமே நின்று பழகியவளுக்கு இன்றைக்கு எழுபதாவது வயதில் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

கையைப் பிரித்தாள். தலையை நிமிர்த்தினாள். நாளைக்குக் கண் ஆபரேஷன் என்றும், அழைத்துவர ஆள் இல்லை என்றும், நீங்கள் வர முடியுமா என்றும் சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

"நாளைக்கா? நாளைக்கு எனக்கு டயாலிசிஸ் லா. செவ்வாய், வியாழன், சனி."

ஊர்சுற்றியின் மூன்று நாள் அதுதானா! "ஐயோ, மன்னிச்சுக்குங்க. தெரியாமக் கேட்டுட்டேன்." அவள் திரும்பிவிட்டாள்.

"இருங்க, இருங்க. ஒரு வார்த்த பேச ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஓடறதுக்கு ஒரு நிமிஷமா?" கம்பிக் கதவு திறந்தது. "ஒரு மணிக்கு முடிஞ்சிரும். உங்கள எப்ப விடுவாங்க?"

"மூணு மணிக்கு."

"அப்ப வந்துடறேன். கொஞ்சம் தள்ளாடும், நீங்கதான் என்னைப் புடிச்சுக்கணும்."

குணவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. "தெனமும் கீழதானே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். ஏன் அவர்மேல் கோபித்துக்கொள்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"லிஃப்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். இந்த புளோக்கே அப்படித்தான் நெனச்சிட்டு இருக்கு. வர்றவங்க வர நேரத்துல நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்."

பதினான்கு மாதம்! இவர்களுக்காகத்தானே, வேறு யாருக்காக உட்கார்ந்திருந்தாள்?

தங்கராஜு உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்தார். டயாலிசிஸ் நிலையத்தின் படிவம். 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் நடுங்கிய கையெழுத்தில் 'குணவதி' என்றிருந்தது. உறவுமுறை: எதிர்வீடு. தொலைபேசி எண் கட்டம் காலி.

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க லெட்டர் ஒண்ணு என் பெட்டியில விழுந்துச்சு, அதுல பேரப் பாத்தேன். எனக்கும் எழுத வேற ஆள் இல்ல. கேக்காமலே எழுதிட்டேன். எட்டு மாசம் ஆச்சு. நம்பர் எங்க, நம்பர் எங்கன்னு அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு உங்ககிட்ட வந்து கேக்க வாய் வரல."

குணவதி தன் படிவத்தைச் சுவரில் வைத்து, ஒன்பதாவது கட்டத்தில் 'தங்கராஜு' என்றும் அவர் சொன்ன எண்ணையும் எழுதினாள். உறவுமுறைக்கு யோசிக்கவே இல்லை. அவர் எழுதியதையே எழுதினாள்.

பிறகு பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் ஃபைலைச் சுவரில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தன் எண்ணைச் சொல்ல ஆரம்பித்தாள். ஐந்தாவது இலக்கத்தில் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.