வலது தோளைக் குறைத்தவன்

1.

இந்தக் கதை எனக்கு இருமல் மருந்து வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. அலெக்சாந்திரியாவில் இப்ராஹிமிய்யா டிராம் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை. பல வருடங்களாக நான் அதன் மேல்மாடியில் குடியிருக்கிறேன். அன்று கல்லாவில் யாரும் இல்லை. உள்ளே அலமாரிகளுக்கு நடுவில் கடைக்காரர் வஜ்தி, வெள்ளைக் கோட்டையும் சட்டையையும் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கைப்பேசியைத் தலைக்குப் பின்னால் பிடித்துத் தன் முதுகைத் தானே படம் எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்படவில்லை. கைப்பேசியை நீட்டினார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு படம் எடுத்துட்டு, ரெண்டு தோளும் ஒண்ணா இருக்கான்னு சொல்லுங்க."

"வலது கொஞ்சம் பெருசா இருக்கு."

"அப்போ இன்னும் குறைக்கணும்" என்றார் சந்தோஷமாக.

தோளைப் பெருக்கப் பாடுபடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைக்கப் பாடுபடுகிற ஒருவரை அன்றுதான் பார்த்தேன். மருந்தை மறந்து, அதுவரை நடந்ததை அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்; மீதி பிறகு நடந்தது.

2.

முதல் தொடக்கம்: 'மத்தியதரைக் கடல் அன்று சாம்பல் நிறத்தில்...' (அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கடலுக்கு வேலை இல்லை. இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே அது தானாக வந்து நிற்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: 'மனித உடலின் சமநிலை என்பது உண்மையில் ஒரு...' (கட்டுரை. வேண்டாம்.)

மூன்றாவது, நடந்தபடியே:

அகமி சாலையில் ஒரு மைக்ரோபஸ் கவிழ்ந்தபோது வஜ்தியின் கழுத்தடியில் உள்ள இடது காறையெலும்பு உடைந்தது. ஆறியபோது சற்றுக் குட்டையாக ஆறியது. அவன்* கோட்டுப் போட்டால் இடது தோள் உள்ளே ஒடுங்கி நிற்கும். கை சரியாவதற்காக உடற்பயிற்சிக்கூடம் போனான். கை சரியான பிறகும் போவதை நிறுத்த முடியவில்லை. ஊக்க மருந்து போடாதவர்களுக்கான உடற்கட்டுப் போட்டிகளில், 'மென்ஸ் பிசிக்' பிரிவில் சேர்ந்தான். ஒவ்வொரு வருடமும் வரிசையின் ஓரத்திலேயே நிற்க வைக்கப்பட்டான். நடுவர்களுக்குப் பிடித்தவர்களைத்தான் நடுவில் நிற்க வைப்பார்கள்.

*நேரில் அவர். கதைக்குள் அவன். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டியிருப்பதால் அந்த மரியாதை 'ர்' வழியை மறைக்கிறது.

3.

அந்தப் பிரிவில் தேடுவது இவ்வளவுதான்: அகன்ற தோள், ஒடுங்கிய இடுப்பு, இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருத்தம், மேடையில் ஒரு நிமிர்வு. முழங்கால் வரை கால்சட்டை மறைத்துவிடும். நரம்பு புடைக்க, தசை திமிற நின்றால் மதிப்பெண் குறையும். கையை மடக்கிப் புஜத்தைக் காட்டக் கூடாது.

போன வருடப் போட்டி முடிந்ததும் வஜ்தி நேராகத் தலைமை நடுவரிடம் போனான். அவள் பெயர் இக்பால். அவன் வயதுதான் இருக்கும், முன்னாளில் நீச்சல் வீராங்கனை.

"என் எலும்பு உடைஞ்சது மேடம். அதைக் கணக்குல எடுத்துக்க மாட்டீங்களா?"

"மேடையில நிக்கிறது தோள். அதோட கதை இல்ல" என்றாள் இக்பால். "உங்களைப் பார்த்தா ஒரே கால்சட்டைக்குள்ள ரெண்டு ஆள் நிக்கிற மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன்."

"இடதை இதுக்கு மேல வளர்க்க முடியாதே."

"அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? நான் பெருசு சிறுசு பார்க்கல. பொருத்தம் பார்க்கிறேன்."

(முதல் வரைவில் அவள் குரலில் கொஞ்சம் கனிவு வைத்திருந்தேன். வஜ்தியிடம் படித்துக் காட்டியபோது சிரித்தார். "அந்தம்மாவா? கையில இருந்த சாண்ட்விச்சைக்கூட கீழே வைக்காமத்தான் சொன்னாங்க." கனிவை எடுத்துவிட்டேன்.)

டிராமில் வீடு திரும்பும்போது அவனுக்கு உறைத்தது. இடது வளராது. ஆனால் வலது தேயும்.

4.

"என்ன டாக்டரே, வலது கைக்கு லீவா?" என்று கேட்டார் பயிற்சியாளர் ஷவ்கி. கூடத்தில் எல்லோரும் அவரைக் 'கேப்டன்' என்பார்கள்; இந்த ஊரில் மருந்துக்கடைக்காரரும் 'டாக்டர்'தான்.

"ஒரு வருஷ லீவு கேப்டன். இடது எவ்வளவு தூக்குதோ, வலதும் அவ்வளவுதான்."

"ஊரே இங்க உடம்பை ஏத்த வருது. நீ மட்டும் கரைக்க வர்ற. சத்தம் போடாம ஓரமா நின்னு கரை. நாலு பேர் பார்த்தா என் பொழப்பு போயிடும்."

சுலபமான வழி ஒன்று இருந்தது. இடது தோளையும் ஊதவைக்கும் ஊக்க மருந்து அவனுடைய கடை அலமாரியிலேயே இருந்தது. இந்த இடத்தில் ஒரு காட்சி எழுதினேன்: ஆளில்லாத மத்தியானம், பூட்டைத் திறக்கிறான், குப்பியைக் கையில் எடுக்கிறான், விரல்கள் நடுங்க... (நடுங்கவில்லையாம். "ஆஸ்பத்திரிச் சீட்டோட யாராவது வந்தா அதைத்தானே எடுத்துக் குடுக்கிறேன்? தினம் தொடுற பொருள். அதைப் பார்த்து எதுக்கு நடுங்கணும்?" என்று கேட்டார். என் நல்ல காட்சி போயிற்று.)

நடுங்கியது வேறொரு இடத்தில். மாதங்கள் போகப் போக, அவன் பெருமையாக வைத்திருந்த வலது புஜத்தில் சட்டைக் கை தொளதொளத்தது. கூடத்துப் பையன்கள் அவனுக்கு ஏதோ நோய் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு காலையில் அவன் மனைவி நஜ்லா, கணக்கு டீச்சர், அவனுக்கு முன்னால் அவித்த முட்டைகளை வைத்துவிட்டு அந்தத் தோளில் கை வைத்தாள்.

"இந்தத் தோளை எனக்குப் பிடிக்கும். கரைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

அவன் முட்டையை உரிக்கப் பார்த்தான். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அவள் வாங்கி உரித்துக் கொடுத்தாள்.

"இறங்கியாச்சில்ல, முழுசா முடி. பாதியில விட்டா ரெண்டு தோளும் உனக்கு இல்ல."

5.

போட்டி நாளன்று காலையில், ஊக்க மருந்து போட்டவர்களைப் பிடிக்க, பொய் கண்டறியும் கருவிச் சோதனை. மருந்துக்கடைக்காரன் என்பதால் அவனைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள்.

"உங்க கடையில தடை செஞ்ச மருந்து இருக்கா?"

"இருக்கு."

"உங்க உடம்புல?"

"இல்ல."

கருவி சும்மா இருந்தது.

மாலையில் மேடை. கடைசியில் இருவரை நடுவில் நிற்க வைத்தார்கள்: வஜ்தி, அவன் பக்கத்தில் ஹைதம். ஹைதம் இளைஞன், மலை மாதிரித் தோள். அரங்கத்தில் பாதிப் பேர் அவன் பெயரைத்தான் கத்தினார்கள். இருவரையும் இடம் மாற்றி நிறுத்தினார்கள். மறுபடி மாற்றினார்கள். "பின்னால் திரும்புங்கள்" என்றது ஒலிபெருக்கி.

வஜ்தி திரும்பினான். முன்னால் கறுப்புத் திரை மட்டும். தன் முதுகை இத்தனை பேர் பார்க்கிறார்கள், தான் பார்க்க முடியவில்லை. பின்னால் கூச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. ஏன் அடங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை. இடது தோள் இறங்கிவிட்டதோ என்று பயந்தான். இறங்கியதா என்று பார்க்க அசைந்தால் எல்லாம் கெட்டுவிடும். அசையாமல் நின்றான்.

நஜ்லா பிறகு சொன்னாள்: ஹைதமின் முதுகு பெரிது. ஆனால் கண் அதில் அங்கங்கே இடறியது. இவன் முதுகில் கழுத்திலிருந்து இறங்கிய பார்வை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு இடுப்புக்கு வந்து சேர்ந்தது. "கத்திக்கிட்டு இருந்தவங்க பார்க்க ஆரம்பிச்சாங்க. பார்க்கிறவன் எப்படிக் கத்துவான்?"

6.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

அ) வஜ்தி இரண்டாமிடம். தோற்றாலும் தன்னை அறிந்துகொள்கிறான். (இலக்கிய நண்பர்களுக்குப் பிடிக்கும். தோற்றவனுக்குத்தான் ஆழம் உண்டு என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை.)

ஆ) சமநிலை. இருவருக்கும் பதக்கம். (கோழைத்தனம். பக்கத்தைக் கிழித்தேன்.)

ஒரு மனிதர் ஒரு வருடம் தன்னைத் தேய்த்து வாங்கியதை, என் கதைக்கு ஆழம் வேண்டும் என்பதற்காகப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. நடந்தது இது:

இரண்டாமிடத்தை முதலில் அறிவித்தார்கள். ஒரு பெயர் கேட்டது. வஜ்தி வழக்கம்போலக் கைதட்டினான். ஹைதம் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"டாக்டரே, அவங்க சொன்னது என் பேரு."

"ஆமா, கேட்டுச்சு. வாழ்த்துகள்பா."

"ரெண்டாவதுக்கு என் பேரைச் சொன்னாங்க. இங்க மிச்சம் இருக்கிறது நீங்க மட்டும்தான்" என்று சொல்லி, ஹைதமே அவன் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினான்.

அதன் பிறகுதான் வஜ்திக்குப் புரிந்தது. கழுத்தில் பதக்கம் விழுந்தபோது இரண்டு தோள்களும் சேர்ந்து குலுங்கின. ஷவ்கி யாரென்று தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் கரைச்ச ஆளு, நான் கரைச்ச ஆளு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நஜ்லா நாற்காலி மேல் ஏறி நின்றாள். டீச்சர் விரல்களை வாயில் வைத்து விசில் அடித்ததை அவளுடைய மாணவிகள் சிலரும் அங்கே பார்த்தார்கள்.

7.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அரங்கம் நிறுத்தவில்லை. புஜத்தைக் காட்டச் சொல்லித் தாளம் போட்டுக் கத்தியது. இந்தப் பிரிவில் அது கூடாது. ஆனால் போட்டி முடிந்துவிட்டது, விதியும் முடிந்துவிட்டது. வஜ்தி நடுவர் மேசையைப் பார்த்தான். இக்பால் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, வேடிக்கை பார்க்க வந்தவள்போலக் காத்திருந்தாள்.

"டாக்டரே, வலதோ இடதோ, ஏதாவது ஒண்ணைத் தூக்கு" என்று ஷவ்கி கீழேயிருந்து கத்தினார்.

வஜ்தி சிரித்தான். ஒரு கை மேலே போனது, மடங்கியது, புஜம் எழுந்தது. கூரை அதிர்ந்தது.

எந்தக் கை என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் அன்று அங்கே இருந்திருந்தாலும், அந்தப் புஜம் உடைந்த பக்கமா தேய்த்த பக்கமா என்று பார்த்துச் சொல்லியிருக்க முடியாது. உங்களுக்குப் பிடித்த கையைத் தூக்கிவிடுங்கள்.